கரடியைப் பார்க்கணுமா? நீலகிரிக்குப் போகும் முன் இதைப் படிச்சிட்டுப் போங்க!

இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். எதிரே கரடி. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். இன்னொருவன் மூச்சை அடக்கிக்கொண்டு தரையில் படுக்கிறான். கரடி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. கரடி என்றதும் நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்புக் குறிப்பும் இதுதான்.

ஆனால், நம் ஊர்க் கரடிக்கு இந்தக் கதை பாதிதான் பொருந்தும். மரத்தில் ஏறிய நண்பன் தப்பித்திருக்க மாட்டான். தேனடைக்காக உயரமான மரங்களில்கூட ஏறிவிடும் விலங்கு அது. கீழே படுத்தவன் செய்ததில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், அவன் உயிரைக் காப்பாற்றுவது அடக்கிய மூச்சு அல்ல, படுக்கும் விதம். அதைப் பிறகு பார்ப்போம்.

கோடை விடுமுறை, தொடர் விடுமுறை என்றாலே ஊட்டி, குன்னூர், கோத்தகிரி சாலைகள் நிரம்பி வழிகின்றன. தேயிலைத் தோட்டத்தில் கரடி உலா வரும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றச் சுற்ற, 'நாமும் ஒரு கரடியைப் பார்த்துவிட மாட்டோமா' என்கிற ஆசையும் கூடுகிறது. ஆசையில் தவறில்லை. எங்கே, எப்படி, எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பது என்பதில்தான் பார்ப்பவரின் உயிரும் கரடியின் உயிரும் அடங்கியிருக்கின்றன.

இது எந்தக் கரடி?

இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. இமயமலைப் பகுதிகளில் பழுப்புக் கரடியும் கறுப்புக் கரடியும் வாழ்கின்றன. வடகிழக்கு மாநிலக் காடுகளில் உருவத்தில் சிறிய சூரியக் கரடி இருக்கிறது. நான்காவது, நம் தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் ஒரே கரடி. தமிழில் தேன்கரடி என்பார்கள். ஆங்கிலப் பெயர் ஸ்லாத் பேர்.

ஸ்லாத் என்பது தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சோம்பேறி விலங்கு. நம் கரடிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நீண்ட நகங்களையும் பல்வரிசையில் இருந்த இடைவெளியையும் பார்த்து, இதை அந்த இனத்தில் சேர்த்துவிட்டார். பிறகு 'இது கரடிதான்' என்று தெரிந்தும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சோம்பேறி என்ற பெயரை நம்பி அருகே போனால் ஆபத்து. மனிதனைவிட வேகமாக ஓடக்கூடிய விலங்கு இது.

அந்தப் பல் இடைவெளிக்குக் காரணம் உண்டு. மேல்வரிசையின் நடுவில் இரண்டு முன்பற்கள் இதற்கு இல்லை. கறையான் புற்றைத் தோண்டி, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியாகக் கறையானை 'சர்ர்ர்' என்று உறிஞ்சும். ஏதோ இயந்திரம் ஓடுவதைப்போலக் கேட்கும் இந்தச் சத்தம், 100 மீட்டருக்கு அப்பாலும் காதில் விழும்.

சங்க காலத்திலேயே இந்தப் பழக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். கரடிக்குச் சங்க இலக்கியம் தரும் பெயர் 'எண்கு'. இரவில் புற்றைத் தோண்டி இரை தேடும் எண்கு, குறிஞ்சித் திணைப் பாடல்களில் அடிக்கடி வந்து போகும்.

அடையாளம் காண்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் தூரத்தில் தெரியும் கறுப்பு உருவமெல்லாம் கரடி அல்ல. காட்டுப்பன்றி, காட்டெருமைக் கன்று, கருமந்தி என்று எதுவாகவும் இருக்கலாம். கரடியைக் கண்டுகொள்ள சில அடையாளங்கள்:

* ரோமம்: கலைந்து தொங்கும் கறுப்பு முடி. கழுத்திலும் தோளிலும் பிடரி மயிர்போல நீளமாக இருக்கும். பன்றியின் முடி குட்டை. காட்டெருமையின் தோல் வழவழவென்று தெரியும்.

* முகம்: நீண்ட முகவாய், வெளிர் சாம்பல் நிறம். கறுப்பு உடம்பில் முகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் கரடியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* மார்பு: வெள்ளை அல்லது வெளிர் மஞ்சளில் ஆங்கில 'யு' அல்லது 'வி' எழுத்து வடிவப் பட்டை. கரடி நிமிர்ந்து நின்றால்தான் இது நன்றாகத் தெரியும்.

* நடை: முன்னங்கால்களை உள்பக்கமாகத் திருப்பி, உடம்பை ஆட்டி ஆட்டி நடக்கும்.

* முதுகில் குட்டி: குட்டிகளை முதுகில் சுமந்து நடப்பது இந்தக் கரடியின் தனிப் பழக்கம். பொதுவாக ஒன்று அல்லது இரண்டு குட்டிகள், அரிதாக மூன்று. முதுகில் மேடாக ஏதாவது அசைந்தால் அது தாய்க் கரடி. அங்கே நிற்கவே கூடாது.

ஆண் கரடியின் எடை 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது, 55 முதல் 95 கிலோ வரை.

கரடி தெரியாது, தடம் தெரியும்

காட்டில் நடப்பவர்களுக்குக் கரடியைவிட அது விட்டுச் சென்ற அடையாளங்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வது, கரடியைப் பார்ப்பதற்குச் சமமான அனுபவம். பாதுகாப்பும்கூட.

ஈரமண்ணில் பதிந்த பின்னங்கால் தடம், குழந்தை வெறுங்காலோடு நடந்ததைப் போலவே இருக்கும். முன்னங்காலில் ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் பதியும். விரல்களுக்கு வெகுமுன்னால் நகக் குறிகள் தனியாகத் தெரியும். நகத்தின் நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை என்பதால் அந்த இடைவெளி. புலி, சிறுத்தை தடங்களில் பொதுவாக நகக் குறி பதிவதில்லை.

புற்றில் குடைந்ததுபோல ஆழமான குழியும் நகக் கீறல்களும் இருந்தால் கரடி. தரையை அகலமாக, மேலோட்டமாகக் கிளறிப் போட்டிருந்தால் காட்டுப்பன்றி.

எச்சத்தைப் பார்த்தால் பருவமே தெரியும். நாவல், இலந்தை, அத்தி, கொன்றை என்று அந்தந்தக் காலத்துப் பழங்களின் விதைகள் அதில் கிடக்கும். தின்ற விதைகளைக் கரடி வேறு இடங்களில் கொண்டுபோய்ப் போடுவதால், காடு வளர்வதில் அதற்கும் பங்கு உண்டு.

எச்சமோ தோண்டிய மண்ணோ ஈரமாக, புதிதாக இருந்தால் என்ன செய்வது? போட்டோ எடுக்க நிற்காமல், வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

கோத்தகிரியில் ஏன் இத்தனை கரடிகள்?

நீலகிரியின் நிலவரத்தைப் புரிந்துகொள்ள, கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் சாலையைப் பார்த்தாலே போதும். ஒருபக்கம் தேயிலை, இன்னொருபக்கம் சோலை, நடுவில் குடியிருப்பு, கீழே பள்ளத்தில் அடர்ந்த காடு. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் கரடி, தேயிலைக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். இடுப்பளவு வளர்ந்த தேயிலைச் செடிகளுக்கு அடியில் அது நடந்தால், பத்தடி தூரத்தில் கொழுந்து பறிப்பவருக்குக்கூடத் தெரியாது. பராமரிப்பில்லாமல் விட்ட தோட்டங்களிலும், உண்ணிச்செடி மண்டிய சரிவுகளிலும் பகலில் படுத்துக்கொள்ளவும் இடம் கிடைக்கிறது.

அதோடு, ஊருக்குள் எளிதாகக் கிடைக்கும் உணவு. கரடியின் மோப்ப சக்தி அபாரமானது. பேக்கரியின் இனிப்பு, வீட்டுச் சமையலறையின் எண்ணெய், தோட்டத்துப் பலா, கொய்யா, பேரி, ஹோட்டல் பின்புறம் கொட்டிய மிச்சம் எல்லாமே அதற்கு விருந்து. கதவை உடைத்துச் சத்துணவுக் கூடத்துக்குள் போய் எண்ணெயையும் பருப்பையும் காலி செய்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் உண்டு.

'சிவபூஜையில் கரடி புகுந்த மாதிரி' என்பது நாம் சாதாரணமாகச் சொல்லும் பழமொழி. அதிலுள்ள கரடி ஒரு வாத்தியக் கருவி என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீலகிரிக்காரர்களுக்கு அந்த விளக்கமே தேவைப்படாது!

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், இதன் முடிவு சிரிப்பாக இருப்பதில்லை. அதிகாலையில் வேலைக்குப் போனவர்கள், மாலையில் வீடு திரும்பியவர்கள் கரடியிடம் சிக்கிப் படுகாயம் அடைந்திருக்கிறார்கள். உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. மனித உணவுக்குப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும். மக்கள் போராடுவார்கள். வனத்துறை கூண்டு வைக்கும். பிடித்து வேறு காட்டில் விடும். புதிய காட்டில் ஏற்கெனவே இருக்கும் கரடிகளுக்கு நடுவில் அது பிழைத்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுலாப் பயணி காரிலிருந்து வீசும் ஒரு பிரியாணிப் பொட்டலம், அவர் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் பிரச்னையாகிறது. கரடியை அந்த இடத்துக்கு வரப் பழக்குவது அதுதான்.

ஏன் தாக்குகிறது?

கரடி மனிதனை இரையாகப் பார்ப்பதில்லை. பிறகு ஏன் இத்தனை மூர்க்கம்? அது வளர்ந்த சூழல் அப்படி. புலியும் யானையும் காண்டாமிருகமும் உலவிய காடுகளில், பெரும்பாலும் திறந்தவெளியில் புற்றுத் தோண்டிப் பிழைத்த விலங்கு இது. புலிக்கு முன்னால் திரும்பி ஓடினால் பிழைக்க முடியாது. எதிர்த்து நின்று, எழுந்து, கத்தி, நகத்தால் அடிப்பதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. எதிரில் திடீரென்று முளைக்கும் மனிதனிடமும் அதையேதான் செய்கிறது.

இதில் 'திடீரென்று' என்பதுதான் முக்கியம். கரடிக்குக் கண்பார்வை அவ்வளவு கூர்மை இல்லை. புற்றுக்குள் மூக்கை நுழைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, ஆள் வரும் சத்தமும் கேட்காது. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அந்த நொடியில் பயந்து பாயும். குட்டியோடு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கரடிப் பாதுகாப்பின் முதல் பாடம் எளிமையானது. நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரியவேண்டும்.

எதிரே வந்துவிட்டால்?

* கரடி நடமாடும் இடங்களில் தனியாக நடக்காதீர்கள். பேசிக்கொண்டே, அவ்வப்போது கைதட்டிக்கொண்டே போங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

* அதிகாலை, அந்தி, இரவு நேரங்களில் தோட்டப் பாதைகளில் 'வாக்கிங்' வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் நல்ல டார்ச் அவசியம்.

* கரடி தூரத்தில் இருக்கிறது, உங்களைப் பார்க்கவில்லை என்றால், சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள்.

* பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். அது போக வழி விடுங்கள். கல் எறிவது, விரட்டுவது கூடவே கூடாது.

* கரடி எழுந்து நிற்பது தாக்குதலுக்கான அறிகுறியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மோப்பம் பிடித்து, என்னவென்று பார்ப்பதற்காகவும் நிற்கும். அந்த நேரத்தைப் பின்வாங்கப் பயன்படுத்துங்கள்.

* மேலே பாய்ந்தே விட்டால், அப்போதுதான் படுக்க வேண்டும். மல்லாக்க அல்ல, குப்புற. முகம் தரையில் புதைய, இரண்டு கைகளையும் பின்கழுத்தில் கோத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அது கவசம். கரடியின் தாக்குதலில் முகமும் தலையும்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலான தாக்குதல்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். அது போனதும் உடனே எழாமல், சற்று நேரம் அசையாமல் இருங்கள்.

* காயம் சிறிதாக இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வனவிலங்குக் கடிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

காரில் போகும்போது கரடி சாலையைக் கடந்தால், தள்ளி நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அது போகும் வரை காத்திருங்கள். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கதவைத் திறப்பதுதான் பெரிய தவறு.

எங்கே பார்க்கலாம்?

*முதுமலை:* தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வாகனச் சவாரி காலையிலும் மாலையிலும் உண்டு. 321 சதுர கிலோமீட்டர் மையப் பகுதி கொண்ட புலிகள் காப்பகம் இது. கரடி தென்படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், தென்பட்டால் அது தன் இயல்பில் இருக்கும், நீங்கள் வண்டிக்குள் இருப்பீர்கள். மசினகுடி பக்கம் 'நைட் சஃபாரி கூட்டிப் போகிறோம்' என்று யாராவது அழைத்தால் நம்பிப் போகாதீர்கள். அது சட்டவிரோதம்.

*நடைப் பயணம்:* 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில், 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் இருக்கின்றன. நீலகிரிப் பாதைகளும் உண்டு. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பலர் இதில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். பாறைத் தேனடைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கரடியோடு போட்டிபோட்ட குறும்பர் போன்ற சமூகங்களின் காட்டறிவு, எந்த செயலியிலும் கிடைக்காது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம்.

*தரோஜி:* கரடியைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் கர்நாடகத்தின் ஹம்பிக்கு அருகிலுள்ள தரோஜி கரடிகள் சரணாலயத்துக்குப் போகலாம். 1994-ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தில், பாறைகளில் பூசிய வெல்லப்பாகைத் தேடிப் பிற்பகலில் கரடிகள் குன்றிலிருந்து இறங்கி வரும். பார்வையாளர்கள் தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கலாம். இப்படி உணவு வைப்பது சரியா என்ற கேள்வி காட்டுயிர் ஆர்வலர்களிடம் இருக்கிறது. வனத்துறையே செய்கிறது என்பதற்காக, நாம் தேயிலைத் தோட்டத்தில் வாழைப்பழம் வைக்க அது முன்மாதிரி ஆகாது.

*இலங்கை:* யால, வில்பத்து பூங்காக்களில் பாலைப் பழம் பழுக்கும் மே முதல் ஜூலை வரை கரடி தென்படும் வாய்ப்பு அதிகம். பழத்துக்காக மரம் ஏறியிருக்கும் கரடியை ஜீப்பில் இருந்தபடியே பார்க்கலாம்.

*வண்டலூர்:* சிறு குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குச் சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவே நல்ல ஆரம்பப் பள்ளி. தேன்கரடியையும் இமயமலைக் கறுப்புக் கரடியையும் ஒப்பிட்டுப் பார்த்து, மேலே சொன்ன அடையாளங்களைச் சரிபார்க்கலாம்.

முடிக்கயிறு வேண்டாமே!

ஒரு தலைமுறைக்கு முன்புவரை, மூக்கணாங்கயிறு போட்ட கரடியோடு தெருவுக்கு வந்தவர்களிடம், குழந்தையின் பயம் தெளிய ஒரு கொத்து முடி வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டியவர்கள் பலர். வடநாட்டில் கலந்தர் சமூகத்தின் பிழைப்பாக இருந்த கரடி ஆட்டம், அவர்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்படுத்தித் தந்து, கரடிகளை மீட்டதன் மூலம் 2009-ல் முடிவுக்கு வந்தது. ஆனால், சில திருவிழாக் கடைகளில் 'கரடி முடி' வியாபாரம் இன்னும் கண்ணில் படுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. அதன் முடி, நகம், பல் எதை வாங்கினாலும் விற்றாலும் குற்றம்தான்.

உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் தேன்கரடி இருக்கிறது. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகியவையே அதன் முக்கிய வாழிடங்கள். வங்கதேசத்தில் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டது. 2022 முதல் அக்டோபர் 12-ஐ உலக தேன்கரடி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கிளம்பும் முன்...

நீலகிரிக்கு வாகனத்தில் போக இ-பாஸ் பதிவு அவசியம். காட்டேஜ் அல்லது ஹோம்ஸ்டேயில் தங்கினால், இரவு மிச்ச உணவை வெளியே வைக்காதீர்கள். பார்பிக்யூ அடுப்பைக் கழுவிவிட்டுத் தூங்குங்கள். எண்ணெய்ப் பாட்டிலைப் பின்வாசலில் விடாதீர்கள். குப்பையைப் பையில் கட்டி, மூடியுள்ள தொட்டியில் மட்டும் போடுங்கள். 'இங்கே கரடி வருமா?' என்று அங்கு வேலை செய்பவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எந்தப் பாதை, எந்த நேரம் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

எல்லாம் செய்தும் கரடி கண்ணில் படவில்லையா? கோத்தகிரிச் சரிவு ஒன்றில், குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு தாய்க் கரடி ஊர்ப்பக்கம் வராமல் காட்டுக்குள்ளேயே புற்றுத் தேடிப் போயிருக்கலாம். மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்புபவர்களுக்கும் அதுதான் நல்லது.